எஸ்.கே. டே: பஞ்சாயத்துக்கு வகுப்பறை கட்டிய இன்ஜினீயர்

'பஞ்சாயத்' வெப் சீரிஸ் பார்த்திருப்பீங்க. இல்லையென்றால் அதன் தமிழ் வடிவமான 'தலைவெட்டியான் பாளையம்' கண்ணில் பட்டிருக்கும். நகரத்துப் பையன் ஒருவன் வேறு வேலை கிடைக்காமல் ஒரு கிராமத்துக்கு ஊராட்சிச் செயலராகப் போகிறான். அங்கே தேர்தலில் ஜெயித்தவர் ஒரு பெண். ஆனால் பஞ்சாயத்து ஆபீஸில் தலைவராக உட்காருபவர் அவருடைய கணவர்.

நாம் சிரித்துவிட்டு அடுத்த எபிசோடுக்குப் போய்விடுவோம். கொஞ்சம் நிறுத்தி, நீங்கள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தை நினைத்துப் பாருங்கள். ஆன்போர்டிங், ஹெச்.ஆர். பாலிசி, யாரிடம் ஒப்புதல் வாங்கணும், எந்த பில்லை எங்கே போடணும் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து சொல்லித் தந்திருப்பார். இந்தியாவில் இன்று சுமார் 31 லட்சம் பேர் ஊரக உள்ளாட்சிப் பதவிகளுக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். அதில் கிட்டத்தட்ட பாதிப் பேர் பெண்கள். அந்த முதல் வாரத்தில் அவர்களுக்குச் சொல்லித் தருவது யார்?

இந்தக் கேள்வியோடு பல வருஷம் மல்லுக்கட்டிய ஒரு மனிதரின் கதைதான் இது. பெயர் சுரேந்திர குமார் டே. போட்டித் தேர்வுக்குப் படித்திருந்தால் பல்வந்த்ராய் மேத்தா குழு, மூன்றடுக்கு முறை எல்லாம் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். டே அந்த நோட்ஸில் ஒரு வரியாக வந்து போயிருப்பார். நாட்டின் முதல் பஞ்சாயத்து ராஜ் அமைச்சர் என்ற வரி.

முகாமில் தொடங்கிய கதை

டே பிறந்தது 1906ல், இன்றைக்கு வங்கதேசத்தில் இருக்கும் சில்ஹெட் பகுதியில் ஒரு கிராமத்தில். அமெரிக்கா போய் இன்ஜினீயரிங் படித்தார். திரும்பி வந்து தனியார் வேலையில் இருந்தார். உங்களில் பலர் இருக்கும் அதே மாதிரி ஒரு வாழ்க்கை.

பிரிவினை அதை மாற்றியது. 1947 கடைசியில் குருக்ஷேத்திரத்தில் இருந்த அகதிகள் முகாமில் உச்சத்தில் சுமார் 3 லட்சம் பேர் தங்கியிருந்தார்கள். ரேஷன், கூடாரம், போர்வை எல்லாம் அரசு கொடுத்தது. அடுத்த மாதமும் அதையே கொடுக்க வேண்டியிருந்தது. அங்கே வேலை பார்த்த டே இதைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார்: இந்த மக்களுக்கு இப்போதைக்குத் தேவை கைத்தொழில். வந்தவர்களில் நிறைய பேர் கடைக்காரர்கள், நிலக்காரர்கள். அவர்களுடைய கடையும் நிலமும் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டன.

முகாமில் நடந்த தொழிற்பயிற்சி மையத்தை 1948ல் டெல்லி-அம்பாலா நெடுஞ்சாலை ஓரம் இருந்த ஒரு சதுப்பு நிலத்துக்கு மாற்றினார். சுமார் 1,100 ஏக்கர் புதர்க்காடு அது. முகாமிலிருந்து வந்தவர்களே அதை வெட்டித் திருத்தி, பட்டறை, அச்சகம், பண்ணை, கூட்டுறவுக் கடை, வீடு என்று ஓர் ஊரையே எழுப்பினார்கள். சுமார் 7,000 பேர் குடியேறிய அந்த ஊர்தான் நிலோகேரி. இன்றைய ஹரியானாவின் கர்னால் மாவட்டத்தில் இருக்கிறது. சுற்றியிருக்கும் கிராமங்களுக்கு ஒரு சிறு நகரம் மையமாக இருந்து, தொழிலும் விவசாயமும் ஒன்றையொன்று தாங்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

நேரு நேரில் வந்து பார்த்தார். அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. அதன் பிறகு டேயின் பாதை டெல்லிக்குத் திரும்பியது.

கிராம சேவக் என்றால் யார்?

1952 அக்டோபர் 2, காந்தி பிறந்தநாள். நாடு முழுக்க 55 இடங்களில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. ஒவ்வொரு திட்டத்திலும் சுமார் 300 கிராமங்கள், 2 லட்சம் மக்கள். இதை நடத்தும் நிர்வாகியாக நியமிக்கப்பட்டவர் டே. ஐ.சி.எஸ். இல்லை, அரசியல்வாதியும் இல்லை. இன்றைய மொழியில் சொன்னால் வெளியிலிருந்து நேரடியாக மேல் பதவிக்கு வந்தவர். அதிகார வட்டாரத்தில் எத்தனை புருவம் உயர்ந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

உத்தரப் பிரதேசத்தின் எட்டாவாவில் ஆல்பர்ட் மேயர் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் 1948லேயே ஒரு முன்னோடித் திட்டம் நடத்திக்கொண்டிருந்தார். அங்கிருந்து வந்த யோசனைதான் 'கிராம சேவக்'. அதற்கு முன்னால் கிராமத்துக்கு வரும் அரசு ஆள் என்றால் வரி வசூலிப்பவர், இல்லை போலீஸ். விவசாயத்துக்கு ஒருவர், கால்நடைக்கு ஒருவர், சுகாதாரத்துக்கு ஒருவர் என்று எப்போதாவது தலைகாட்டுவார்கள். அதற்குப் பதிலாக ஐந்து முதல் பத்து கிராமங்களுக்கு ஒரே ஆள். உரம், விதை, கிணறு, கழிப்பறை, முதியோர் பள்ளி என எதற்கும் முதல் தொடர்பு அவர்தான். அவருக்கு மேலே வட்டார அளவில் ஓர் அதிகாரி. 'பி.டி.ஓ. ஆபீஸ்' என்று இன்றும் நம் ஊரில் சொல்கிறோமே, அந்தப் பதவி பிறந்தது இந்தத் திட்டத்தில்தான். கூடவே பி.டி.ஓ. ஜீப்பும்.

ஆனால் அந்த ஆட்கள் எங்கே இருந்தார்கள்? யாருமே இல்லை. அப்படி ஒரு வேலையே அதுவரை கிடையாது. இங்கேதான் டேயின் நிலோகேரி அனுபவம் கைகொடுத்தது: ஆள் கிடைக்கவில்லை என்றால் பயிற்சி மையம் கட்டு. ஃபோர்டு அறக்கட்டளையின் நிதி உதவியோடு நாடு முழுக்கப் பயிற்சி மையங்கள் முளைத்தன. கிராமத்து இளைஞர்களைச் சேர்த்து முதலில் ஆறு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். அது போதவில்லை என்று தெரிந்ததும் காலத்தை நீட்டித்தார்கள். பெண்களுக்காக கிராம சேவிகா பதவி வந்தது. பி.டி.ஓ.க்களுக்குத் தனி வகுப்பு, சமூகக் கல்வி அமைப்பாளர்களுக்குத் தனி வகுப்பு. தமிழ்நாட்டில் திண்டுக்கல் பக்கத்துக் காந்திகிராமத்திலும் இந்தத் திட்ட ஊழியர்களுக்குப் பயிற்சி நடந்தது.

1956ல் இதற்கென்றே ஓர் அமைச்சகம் உருவானது. அமைச்சர், டே. அதுவரை ஒரு தேர்தலிலும் நின்றறியாதவர்.

1957: கசப்பான ரிப்போர்ட்

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஜோராகப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே ஒரு சிக்கல் வளர்ந்துகொண்டிருந்தது.

பயிற்சி பெற்ற அதிகாரிக்கு மேலிருந்து இலக்கு வரும். இத்தனை உரக்குழி, இத்தனை கிணறு, மார்ச் மாதத்துக்குள் இவ்வளவு செலவு. அவர் ஜீப்பில் கிராமத்துக்குப் போவார். யாரைப் பார்ப்பார்? நிலமும் செல்வாக்கும் உள்ளவரை. வேலை சீக்கிரம் முடியும் அல்லவா! கடைசியில் திட்டத்தின் பலன் ஏற்கெனவே வசதியானவர்களிடமே போய்ச் சேர்ந்தது. சமூகவியலாளர் எஸ்.சி. துபே 1958ல் வெளியிட்ட ஆய்வு நூல் இதைத்தான் காட்டியது. திட்டத்தோடு கூடவே 1952ல் தொடங்கப்பட்ட மதிப்பீட்டு அமைப்பின் அறிக்கைகளும் மக்கள் பங்கேற்பு குறைவு என்று வருஷா வருஷம் சொல்லிக்கொண்டிருந்தன.

ஒரு விஷயத்தைப் பாராட்டணும். தன் திட்டத்தைத் திட்டத்துக்கு வெளியே இருப்பவர்கள் மதிப்பிட்டு, அந்த அறிக்கை அச்சில் வருவது என்பது இன்றைக்குக்கூட எத்தனை துறைகளில் நடக்கும்?

1957 ஜனவரியில் பல்வந்த்ராய் மேத்தா தலைமையில் ஆய்வுக் குழு அமைந்தது. நவம்பரில் அறிக்கை வந்தது. சாராம்சம் எளிமையானது. வட்டார அளவில் இருந்த மக்கள் குழுக்கள் ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். அதிகாரமும் பணமும் அதிகாரி கையில். பொறுப்பு இல்லாத இடத்தில் மக்களுக்கு அக்கறை எப்படி வரும்? ஆகவே தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்புகளுக்கு உண்மையான அதிகாரத்தை மாற்றிக் கொடுங்கள் என்றது குழு.

டே இந்த விமர்சனத்தை எதிர்த்து நிற்கவில்லை. அந்த அறிக்கையை நடைமுறைக்குக் கொண்டுபோவதையே தன் வேலையாக எடுத்துக்கொண்டார். 1959 அக்டோபர் 2ஆம் தேதி ராஜஸ்தானின் நாகௌரில் நேரு பஞ்சாயத்து ராஜ் முறையைத் தொடங்கிவைத்தார். அதே மாதம் ஆந்திரம் பின்தொடர்ந்தது. அன்றைய சென்னை மாநிலம் 1958ல் பஞ்சாயத்துச் சட்டம் இயற்றியிருந்தது. அதன்படி ஊராட்சி ஒன்றியங்கள் வந்தன.

மாதக்கணக்கும் நாள்கணக்கும்

இப்போது கணக்கைப் பாருங்கள். கிராம சேவக்குக்கு மாதக்கணக்கில், பிறகு வருஷக்கணக்கில் பயிற்சி. அவர் ஓய்வு பெறும்வரை அதே துறையில் இருப்பார். விதி தெரியும், படிவம் தெரியும், யாருக்கு எழுதினால் ஃபைல் நகரும் என்று தெரியும். தேர்ந்தெடுக்கப்பட்ட சர்பஞ்ச் நேற்றுவரை வயலில் இருந்தவர். சில வருஷத்தில் மறுபடி தேர்தல் வரும், வேறு ஆள் வருவார். அதிகாரம் சட்டப்படி சர்பஞ்சிடம். அதை எப்படிப் பயன்படுத்துவது என்ற அறிவு அதிகாரியிடம். கூட்டத்தில் யார் பேச்சு எடுபடும்?

டேக்கு இது புரிந்திருந்தது. ஊர்த் தலைவர்களுக்கு வட்டார அளவில் சில நாள் முகாம்கள் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தன. 'கிராம சஹாயக்' முகாம் என்று பெயர். 1960களின் தொடக்கத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கென்றே பஞ்சாயத்து ராஜ் பயிற்சி மையங்கள் தொடங்கப்பட்டன. அரசும் தன்னார்வ அமைப்புகளும் நடத்தின. பட்ஜெட் போடுவது, கணக்குப் பார்ப்பது, கூட்டம் நடத்துவது, தீர்மானம் எழுதுவது மாதிரியான அடிப்படைகள்தான் தேவைப்பட்டன. ஆனாலும் அது நாள்கணக்குப் பயிற்சிதான். சோற்றுக்கு வழி பார்க்கும் ஒரு விவசாயியை ஆறு மாதம் வகுப்பறையில் உட்கார வைக்க முடியாது. சம்பளம் வாங்கும் ஊழியரை உட்கார வைக்கலாம். இந்த இடைவெளிக்கு டேயின் காலத்தில் விடை கிடைக்கவில்லை.

பயிற்சியாளர்களுக்கே பயிற்சி வேண்டுமே! 1958ல் முசோரியில் ஆய்வுக்கும் படிப்புக்கும் ஒரு மத்திய நிறுவனமும், டேராடூன் பக்கத்தில் ராஜ்பூரில் பயிற்றுநர்களுக்கு ஒரு நிறுவனமும் அமைந்தன. 1962ல் இரண்டும் ஒன்றாகி, பிறகு ஹைதராபாத் போயின. ராஜேந்திரநகரில் இருக்கும் தேசிய ஊரக வளர்ச்சி மற்றும் பஞ்சாயத்து ராஜ் நிறுவனம் அதன் வாரிசுதான்.

இன்னொரு வேலையும் செய்தார் அவர். பணம் இல்லாத பஞ்சாயத்துக்கு என்ன சொல்லிக்கொடுத்து என்ன பயன் என்று கேட்டால், அதற்கும் ஒரு குழு: 1963ல் பஞ்சாயத்து நிதி பற்றி ஆராய்ந்த அந்தக் குழுவின் தலைவர் தமிழரான கே. சந்தானம். கிராம சபை பற்றி ஆராய ஆர்.ஆர். திவாகர் தலைமையில் இன்னொரு குழு.

இதற்கு நடுவில், தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பாடம் நடத்த ஏற்பாடு செய்துகொண்டிருந்தவர் தானும் மக்களிடம் போய் ஓட்டுக் கேட்டார். 1962 மக்களவைத் தேர்தலில் அவர் நின்று ஜெயித்த தொகுதி, நாகௌர்.

1966: அமைச்சகம் காணாமல் போனது

1964ல் நேரு மறைந்தார். 1965ல் போர். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் வறட்சி. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாடு இருந்தது. அந்த நேரத்தில் டெல்லியின் கவலை ஒன்றே ஒன்று: தானியம். பஞ்சாயத்து கூடி, விவாதித்து, திட்டம் போட்டு உற்பத்தி பெருகும் என்று காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. புதிய வீரிய விதை, உரம், தண்ணீர் மூன்றையும் தோதான மாவட்டங்களில் குவிப்போம் என்ற பாதை வென்றது. அந்தப் பாதையின் முகம் உங்களுக்குத் தெரிந்தவர்தான். நம்ம சி. சுப்பிரமணியம்.

1966ல் சமுதாய வளர்ச்சியும் கூட்டுறவும் உணவு, வேளாண்மை அமைச்சகத்தோடு இணைக்கப்பட்டன. டே வேறு துறைக்கு மாற்றப்பட்டார். பத்து வருஷம் ஒரு மனிதர் கட்டிய அமைச்சகம் இன்னொரு அமைச்சகத்தின் ஒரு பிரிவாகச் சுருங்கியது. கிராம சேவக் கிட்டத்தட்ட விவசாய ஊழியராக மாறினார்.

சி.எஸ். செய்தது தவறு என்று நான் சொல்லவில்லை. பசிக்கும் நாட்டுக்கு முதலில் சோறு. ஆனால் சோறு வந்த பிறகும் பஞ்சாயத்துக்கு யாரும் திரும்பி வரவில்லை. பல மாநிலங்களில் உள்ளாட்சித் தேர்தல் வருஷக்கணக்கில் தள்ளிப்போடப்பட்டது. 1978ல் அறிக்கை கொடுத்த அசோக் மேத்தா குழு இந்தச் சரிவைத் தேதி போட்டே பிரித்துக் காட்டியது: 1959 முதல் 1964 வரை ஏற்றம், 1969 வரை தேக்கம், அதற்குப் பிறகு இறக்கம். அந்த ஏற்றக் காலம் முழுக்க அமைச்சராக இருந்தவர் டே.

தேர்தல் நடக்காதபோது என்ன ஆகும் தெரியுமா? தேர்ந்தெடுக்கப்பட்டவர் வீட்டுக்குப் போவார். பயிற்சி பெற்ற அதிகாரி அங்கேயே இருப்பார். இது பழங்கதை இல்லை. 2016 கடைசியிலிருந்து 2019 டிசம்பர் வரை தமிழ்நாட்டின் ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள்தான் நடத்தினார்கள்.

டே 1989ல் காலமானார். பஞ்சாயத்துகளுக்கு அரசியலமைப்பு அந்தஸ்து தரும் முதல் மசோதாவை ராஜீவ் காந்தி மக்களவையில் கொண்டுவந்ததும் அதே வருஷம். மாநிலங்களவையில் அது தோற்றது. 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24ல் அமலுக்கு வந்தபோது அவர் இல்லை.

இன்றைக்கு நிலோகேரியில்

73ஆவது திருத்தத்துக்குப் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை தேர்தல், பெண்களுக்குக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு இடம், பஞ்சாயத்துக்குத் தரக்கூடிய 29 பொருள்களின் பட்டியல் எல்லாம் சட்டத்தில் வந்தன. பயிற்சிக்கென்று 2018ல் ராஷ்ட்ரிய கிராம ஸ்வராஜ் அபியான் என்ற திட்டம் புதுப்பிக்கப்பட்டது. மாநிலங்களில் ஊரக வளர்ச்சிப் பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன. நம் பக்கம் மறைமலைநகரில் மாநில நிறுவனமும், பவானிசாகர், தே. கல்லுப்பட்டி, பட்டுக்கோட்டை போன்ற ஊர்களில் மண்டல நிலையங்களும். பக்கத்தில் வசித்தால் போர்டு பார்த்திருப்பீங்க. உள்ளே என்ன நடக்கிறது என்று யோசித்திருக்க மாட்டீங்க.

ஆனால் வேலையின் சிக்கல் கூடியிருக்கிறது. டே காலத்து சர்பஞ்சுக்குக் கணக்குப் புத்தகம் புரிந்தால் போதும். இன்றைய தலைவருக்கு வளர்ச்சித் திட்ட ஆவணம், ஆன்லைன் பணப் பரிவர்த்தனை, இ-கிராம ஸ்வராஜ் தளம், டிஜிட்டல் கையெழுத்து. பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறதோ அவர் கையில் பஞ்சாயத்து. வட மாநிலங்களில் 'சர்பஞ்ச் பதி' என்றே ஒரு சொல் புழங்குகிறது. பதவியில் இருக்கும் பெண்ணுக்குப் பதிலாக நாற்காலியில் உட்காரும் கணவருக்கு வைத்த பெயர். வெப் சீரிஸில் நாம் சிரித்த அதே ஆள்.

இந்த இடைவெளிக்கு ஹரியானா வேறொரு விடை கண்டுபிடித்தது. 2015ல் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கவே கல்வித் தகுதி வேண்டும் என்று சட்டம் திருத்தியது. பொதுப் பிரிவு ஆண்களுக்குப் பத்தாம் வகுப்பு. பெண்களுக்கும் பட்டியல் சாதி ஆண்களுக்கும் எட்டாம் வகுப்பு. வார்டு உறுப்பினராக நிற்கும் பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஐந்தாம் வகுப்பு. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. ராஜஸ்தான் 2014 கடைசியிலேயே இப்படி ஒரு விதி கொண்டுவந்து, 2019ல் கைவிட்டது. எம்.எல்.ஏ., எம்.பி. ஆக எந்த வகுப்பும் தேவையில்லை என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தெரியாதவர்களைத் தெரிந்தவர்களாக்க 1950களின் அரசு பயிற்சி மையம் கட்டியது. 2015ன் அரசு வாசலிலேயே நிறுத்திவிட்டது. பள்ளிக்கு அனுப்பப்படாத ஒரு தலைமுறைப் பெண்களை, பள்ளிக்குப் போகாததற்காகத் தேர்தலிலிருந்தும் தள்ளி வைத்ததை எனக்கு ஏற்க முடியவில்லை.

டெல்லியிலிருந்து சண்டிகர் பக்கம் ரயிலிலோ காரிலோ போனால், கர்னால் தாண்டியதும் நிலோகேரி வரும். அகதிகள் கட்டிய ஊர் இப்போது எந்த வட இந்தியச் சிறு நகரம் போலவும்தான் இருக்கும். ஹரியானாவின் ஊரக வளர்ச்சிப் பயிற்சி நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு பஞ்சாயத்துத் தேர்தலுக்குப் பிறகும் புதிதாக ஜெயித்த சர்பஞ்சுகளுக்கு அங்கே வகுப்பு நடக்கும். சில நாள் வகுப்புதான்.